மெர்ஜ் க்யூவுக்கு பிரவுசர் எக்ஸ்டென்ஷன்: எங்கெங்கே கால் இடறுகிறது

மெர்ஜ் க்யூ என்பது, மெயின் பிராஞ்சில் (எல்லோரும் பகிரும் முதன்மைக் கோட்) சேர வேண்டிய மாற்றங்களை வரிசையில் வைத்து, சோதித்து, உள்ளே விடும் ஏற்பாடு. அதை நடத்தும் மெர்ஜிஃபை போன்ற சேவைகளின் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் செய்கிற வேலை ரொம்பச் சின்னது. கிட்ஹப்பில் பிஆர் (புல் ரிக்வெஸ்ட், அதாவது கோட் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) பக்கத்தின் அடியில் வரும் மெர்ஜ் பெட்டிக்குப் பக்கத்தில் க்யூ, ரீஃப்ரெஷ், ரீபேஸ், அப்டேட் என்று சில பட்டன்களைச் சேர்க்கும். பட்டனை அழுத்தினால் உங்கள் பெயரில் ஒரு கமென்ட் விழும். சர்வரில் இருக்கும் பாட் (தானாக ஓடும் புரோகிராம்) அதைப் படித்து பிஆரை வரிசையில் சேர்க்கும். எந்த நிபந்தனைகள் நிறைவேறினால் மெர்ஜ் ஆகலாம் என்பதெல்லாம் ரெப்போவில் (புராஜெக்டின் கோட் இருக்கும் இடம்) உள்ள யாம்ல் செட்டிங் ஃபைலில் இருக்கிறது. எக்ஸ்டென்ஷனை அன்இன்ஸ்டால் செய்தாலும் க்யூ தன்போக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

இது தெரியாமல், எக்ஸ்டென்ஷன் போட்டுவிட்டால் மெயின் பிராஞ்ச் பத்திரம் என்று நினைக்கும் டீம்கள் நிறைய. பெரும்பாலான தவறுகளுக்கு மூலம் அந்த நினைப்புதான்.

பச்சை பட்டனைத் திறந்து வைப்பது

க்யூ எதற்கு என்பதை முதலில் ஒரு உதாரணத்தில் பார்த்துவிடலாம். வரி கணக்கிடும் ஃபங்ஷனுக்கு இதுவரை 2 ஆர்குமென்ட். ஒரு பிஆர் அதை 3 ஆக்கி, பழைய இடங்களையெல்லாம் திருத்திவிடுகிறது. அதே நேரத்தில் இன்னொரு பிஆர், புதிதாக ஒரு ஃபைல் சேர்த்து அதே ஃபங்ஷனை 2 ஆர்குமென்ட்டோடு கூப்பிடுகிறது. இரண்டும் தனித்தனியாக டெஸ்ட்டில் பாஸ். கோட் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட்டுக்கு இதில் கான்ஃப்ளிக்ட் (மோதல்) எதுவும் தெரியாது, ஏனென்றால் ஒரே வரியை இருவரும் தொடவில்லை. இரண்டும் உள்ளே போனதும் மெயின் உடைகிறது. க்யூ இருந்தால், மெர்ஜுக்கு முன்பே இரண்டையும் சேர்த்து ஒரு தற்காலிக பிராஞ்சில் டெஸ்ட் ஓட்டி, இரண்டாவதைத் திருப்பி அனுப்பிவிடும்.

எக்ஸ்டென்ஷன் தன் பட்டனைச் சேர்க்கிறதே தவிர, கிட்ஹப்பின் பச்சை மெர்ஜ் பட்டன் அங்கேயேதான் இருக்கும். யாராவது அவசரத்தில் அதை அழுத்துவார்கள். ரேஷன் கடை வரிசையில் ஒருவர் இடையில் புகுந்தால் மற்றவர்களுக்குக் கொஞ்சம் தாமதம்தான். இங்கே வரிசையே கலைந்து முதலிலிருந்து தொடங்கும். க்யூவில் 4 பிஆர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, நான்கு டெஸ்ட்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன, 18 நிமிடம் ஆகிவிட்டது என்று வையுங்கள். அந்த நேரத்தில் ஐந்தாவது பிஆர் நேரடியாக மெயினுக்குள் போனால், அடியில் இருந்த கமிட் (பதிவான கோட் நிலை) மாறிவிட்டது. நான்கு டெஸ்ட் முடிவும் செல்லாது. டெஸ்ட் ஓட்டும் மெஷின்களில் (ரன்னர்) மொத்தம் 72 நிமிடம் போச்சு.

இதை வாய்ச்சொல்லால் தடுக்க முடியாது. ரெப்போ செட்டிங்ஸில் ரூல்செட் (விதித் தொகுப்பு) பகுதிக்குப் போய், மெயின் பிராஞ்சுக்கு 'ரெஸ்ட்ரிக்ட் அப்டேட்ஸ்' விதியைப் போட்டு, பைபாஸ் (விதிவிலக்கு) பட்டியலில் க்யூ நடத்தும் ஆப்பை மட்டும் சேர்க்க வேண்டும். இதில் பலர் சறுக்குகிற ஓர் இடம் உண்டு: பைபாஸ் என்பது ஒரு விதிக்கு மட்டுமல்ல, அந்த ரூல்செட் முழுமைக்கும் பொருந்தும். கட்டாய டெஸ்ட், ரிவியூ விதிகளையும் அதே ரூல்செட்டில் வைத்திருந்தால் பாட் அவற்றையும் தாண்டிப் போகலாம். அதனால் ரெஸ்ட்ரிக்ட் அப்டேட்ஸுக்குத் தனி ரூல்செட், டெஸ்ட்டுக்கும் ரிவியூவுக்கும் பைபாஸே இல்லாத இன்னொரு ரூல்செட். பழைய பிராஞ்ச் புரொடெக்ஷன் முறையில் இருப்பவர்கள், அட்மின்களும் விதியை மீற முடியாதபடி செய்யும் டிக் பாக்ஸைப் போட மறக்கக் கூடாது. அட்மின்கள்தான் அதிகம் மீறுகிறார்கள்!

'மெர்ஜுக்கு முன் பிராஞ்ச் அப்-டு-டேட்டாக இருக்க வேண்டும்' என்ற கிட்ஹப் செட்டிங்கும் பேட்ச் முறையில் (பல பிஆரை ஒன்றாகச் சேர்த்துச் சோதித்து) ஓடும் க்யூவும் ஒத்துப்போகாது. க்யூ தற்காலிக பிராஞ்சில் சேர்த்துத்தான் சோதிக்கிறது. அசல் பிஆர் பழைய கமிட்டிலேயே நிற்கும். செட்டிங் அதைப் பார்த்து மெர்ஜைத் தடுக்கும். அப்-டு-டேட்டாக வைத்திருக்கும் வேலையை க்யூ செய்துகொள்ளும் என்பதால் இதை அணைத்துவிடலாம்.

ஒரே பிராஞ்சுக்கு இரண்டு க்யூ

கிட்ஹப்பின் சொந்த மெர்ஜ் க்யூ 2023 ஜூலையில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஆர்கனைசேஷனின் பப்ளிக் ரெப்போக்களுக்கும், என்டர்பிரைஸ் கிளவுடில் உள்ள பிரைவேட் ரெப்போக்களுக்கும் கிடைக்கும். அதை இயக்கினால் பச்சை பட்டனே 'மெர்ஜ் வென் ரெடி' என்று மாறிவிடும். அதற்குப் பிறகும் வேறொரு சேவையின் எக்ஸ்டென்ஷன் பட்டனை வைத்திருந்தால், பாதிப் பேர் இங்கே அழுத்துவார்கள், பாதிப் பேர் அங்கே அழுத்துவார்கள். ஒன்று மெர்ஜ் செய்யும்போதெல்லாம் மற்றதற்கு அடித்தளம் மாறும். எதுவானாலும் சரி, ஒன்றை மட்டும் வையுங்கள்.

கிட்ஹப் க்யூவைத் தேர்ந்தெடுத்தவர்கள் தவறவிடுகிற இன்னொரு விஷயம், டெஸ்ட்டைத் தானாக ஓட்டும் ஆக்ஷன்ஸ் ஒர்க்ஃப்ளோவில், எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் 'ஆன்' பகுதி. அதில் 'புல்_ரிக்வெஸ்ட்' மட்டும் இருந்தால் பிஆரில் டெஸ்ட் ஓடும், க்யூவில் ஓடாது. 'மெர்ஜ்_குரூப்' என்ற ஈவென்ட்டையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் சிவப்பு எதுவும் வராது. கட்டாய செக், ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே மஞ்சளில் நிற்கும். டைம்அவுட் ஆனதும் (செட்டிங்கை மாற்றாவிட்டால் 60 நிமிடம்) பிஆர் வரிசையிலிருந்து வெளியே வரும். எரர் லாக் தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் எதுவுமே ஓடவில்லை.

பேட்ச் அளவைக் கண்டபடி ஏற்றுவது

சிஐ (தானாக ஓடும் டெஸ்ட் தொகுப்பு) ஒரு தடவை ஓட 20 நிமிடம் என்றால், ஒவ்வொன்றாகப் போனால் மணிக்கு 3 பிஆர், 8 மணி நேரத்தில் 24. போதவில்லை என்றதும் பேட்ச் அளவை 20 ஆக்கிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிஆர் க்யூவில் தோற்க 5 சதவீத வாய்ப்பு என்று வைத்தால், 5 பிஆர் சேர்ந்த பேட்ச் முழுதாகப் பாஸாக 77 சதவீதம். 10 என்றால் 60. 20 என்றால் 36. பேட்ச் தோற்றால் குற்றவாளியைக் கண்டுபிடிக்க அதை உடைத்து உடைத்து மறுபடி ஓட்ட வேண்டும். மூன்றில் இரண்டு பேட்ச் தோற்கிற நிலையில் மிச்சமாகிற நேரம் எதுவுமில்லை. 3 அல்லது 4-இல் தொடங்கி, தோல்வி விகிதத்தைப் பார்த்து ஏற்றுங்கள்.

ஃப்ளேக்கி டெஸ்ட்கள் இதைவிட மோசம். 100-இல் ஒரு தடவை காரணமில்லாமல் தோற்கும் டெஸ்ட் 10 இருந்தால், ஏறக்குறைய பத்து ரன்னில் ஒன்று சும்மாவே தோற்கும். அப்படித் தோற்ற பிஆரை எக்ஸ்டென்ஷனில் திரும்பத் திரும்ப அழுத்தி உள்ளே தள்ளுவது வழக்கமாகிவிட்டால், நிஜமான தோல்வியையும் எல்லோரும் அப்படியே தள்ளுவார்கள். அந்த 10 டெஸ்ட்டையும் கட்டாயப் பட்டியலிலிருந்து தனியாகப் பிரித்துவிட்டு, பிறகு பேட்ச் அளவைப் பற்றி யோசிக்கலாம்.

பட்டன் காணோம், பட்டன் பொய் சொல்கிறது

காலையில் திறந்த டேபில் மாலையில் தெரிகிற நிலவரம் பழையதாக இருக்கலாம். க்யூவில் இல்லை என்று நினைத்து மறுபடி அழுத்தினால் இன்னொரு கமென்ட் விழும், பிஆரைப் பின்தொடரும் அத்தனை பேருக்கும் மெயில் போகும். பாட் எழுதிய பதிலையும் செக் பட்டியலையும் பார்த்து உறுதி செய்யுங்கள். பட்டனின் நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

பட்டனே தெரியவில்லை என்றால் இந்த வரிசையில் தேடுவது நேரம் மிச்சம். முதலில் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள்: கிட்ஹப்பில் ஒரு லிங்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது முழுப் பக்கமும் புதிதாக ஏறுவதில்லை, அதனால் எக்ஸ்டென்ஷனின் ஸ்கிரிப்ட் சில சமயம் கவனிக்காமல் விட்டுவிடும். பிறகு சைட் அனுமதி. குரோமில் அது 'கிளிக் செய்யும்போது மட்டும்' என்று இருக்கிறதா, ஃபயர்பாக்ஸில் அனுமதியே கொடுக்காமல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்காக்னிட்டோவில் எக்ஸ்டென்ஷன்கள் தாமாக ஓடாது. கம்பெனியின் சொந்த டொமைனில் உள்ள கிட்ஹப் என்டர்பிரைஸ் சர்வர் என்றால், பொது கிட்ஹப் முகவரிக்கு மட்டும் எழுதிய எக்ஸ்டென்ஷன் அங்கே எட்டிப்பார்க்காது. ரிஃபைன்ட் கிட்ஹப் போல அதே பக்கத்தை மாற்றும் வேறு எக்ஸ்டென்ஷன் இருந்தால் அணைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? கிட்ஹப் தன் பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லை மாற்றியிருக்கும். பட்டனைச் செருகும் இடத்தைப் பக்க அமைப்பை வைத்துத்தான் எக்ஸ்டென்ஷன் கண்டுபிடிக்கிறது. அமைப்பு மாறினால் புது வெர்ஷன் வரும்வரை தடுமாறும். அதனால்தான் கமென்ட் கட்டளையைக் கையால் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறோம். ரஸ்ட் மொழியின் ரெப்போவில் ரிவியூவர் போர்ஸ் என்ற பாட்டைக் கூப்பிட்டு 'ஆர்+' என்று எழுதினால் பிஆர் வரிசையில் சேர்ந்துவிடும், எக்ஸ்டென்ஷனே வேண்டாம். உங்கள் ரெப்போவிலும் க்யூவில் சேர்க்க, எடுக்க, ரீஃப்ரெஷ் செய்ய என்ன எழுத வேண்டும் என்பதை கான்ட்ரிபியூட்டிங் ஃபைலில் மூன்று வரி போட்டு வையுங்கள்.

கமென்ட் உங்கள் பெயரில் விழுவதால் எந்த அக்கவுன்ட்டில் லாகின் ஆகியிருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சொந்த அக்கவுன்ட்டுக்கு ரெப்போவில் ரைட் (எழுதும்) அனுமதி இல்லை என்றால் பாட் மறுத்துவிடும். க்யூவில் போட்ட பிறகு ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி புஷ் செய்வதும் வீண் வேலை. சோதித்த கமிட் வேறு, இப்போது இருப்பது வேறு என்பதால் பிஆர் வெளியே தள்ளப்படும், திரும்பக் கடைசியில்தான் சேர வேண்டும்.

அனுமதிகளைப் படிக்காமல் 'ஆட்' அழுத்துவது

கிட்ஹப் பக்கத்தைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி வாங்கிய எக்ஸ்டென்ஷனால், லாகின் ஆன நீங்கள் அங்கே செய்யக்கூடிய ஏறத்தாழ எல்லாவற்றையும் செய்ய முடியும். அதோடு புது வெர்ஷன் உங்களைக் கேட்காமலே இறங்கும். 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் சொந்த குரோம் எக்ஸ்டென்ஷனையே, அதன் ஊழியர் ஒருவரை ஃபிஷிங்கில் சிக்கவைத்துக் கைப்பற்றி, கெட்ட வெர்ஷனை ஸ்டோரில் ஏற்றினார்கள். பயனர்களுக்கு அது வழக்கமான அப்டேட்டாகவே போய்ச் சேர்ந்தது.

எனவே எல்லா சைட்டுக்கும் அனுமதி கேட்கிற க்யூ எக்ஸ்டென்ஷனைப் போடாதீர்கள். வேலைக்கென்று தனி பிரவுசர் புரொஃபைல் வைத்து அதில் மட்டும் நிறுவுங்கள். பெரிய டீம் என்றால் ஐடி பிரிவு அனுமதித்த எக்ஸ்டென்ஷன் பட்டியலை பாலிசி மூலம் பூட்டிவிடலாம். லாகின் ஆன பக்கத்திலேயே வேலை செய்கிற எக்ஸ்டென்ஷன் பர்சனல் ஆக்சஸ் டோக்கன் (பாஸ்வேர்டு போன்ற சாவி) கேட்டால், ஏன் என்று விசாரியுங்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஃபைன்-கிரெய்ன்ட் (அனுமதியைக் குறுக்கிக் கொடுக்கும்) டோக்கன், ஒரே ரெப்போவுக்கு, 30 நாள் காலாவதியோடு.