பால் கணக்கும் துணித் துணுக்கும்: தொழில் யோசனையைக் கதையாகச் சொல்வது எப்படி?

முதன்முதலாக ஒரு முதலீட்டாளர் முன்னால் நின்றபோது, தையல் தொழிலின் சந்தை மதிப்பு என்று ஒரு வட்ட வரைபடத்தோடு ஆரம்பித்தேன். மூன்றாவது ஸ்லைடு வருவதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தையல் கடைகளுக்கான செயலியை விற்கப் போன நான், ஒரு டெய்லரைக்கூட அவர் கண்ணில் காட்டவில்லையே!

அப்புறம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே தருகிறேன். கூடவே ஒரு நல்ல மாதிரி: மாதவிடாய் நாப்கின் தயாரிக்கும் குறைந்த விலை இயந்திரம் செய்து 2016இல் பத்மஸ்ரீ பெற்ற கோவை அருணாசலம் முருகானந்தம்.

படி 1: ஒரே ஆள், ஒரே காட்சி

முருகானந்தத்தின் கதை ‘கிராமப்புறப் பெண்கள்’ என்று தொடங்குவதில்லை. 1998இல் அவர் மனைவி பழைய துணியை ஒளித்து எடுத்துப் போகிறார். கடையில் நாப்கின் வாங்கலாமே என்று இவர் கேட்க, வாங்கினால் வீட்டில் பால் செலவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று பதில் வருகிறது. சுகாதாரம் பற்றிப் பத்து ஸ்லைடு போட்டாலும் அந்தப் பால் கணக்கு செய்யும் வேலையைச் செய்யாது.

என்னுடையது இப்படி மாறியது:

“முகூர்த்தத்துக்கு நான்கு நாள்தான் இருக்கிறது. எங்கள் தெரு டெய்லர் அக்காவிடம் ஒரு மஞ்சள் பை நிறைய ரசீதுகள். ஒவ்வொன்றிலும் அந்தந்த பிளவுஸ் துணியிலிருந்து வெட்டிய துணுக்கு, பின் அடித்து. ‘அக்கா, என் பிளவுஸ் ஆச்சா?’ என்று போன் வரும்போதெல்லாம் மிஷினை நிறுத்திவிட்டுப் பையைக் கொட்டித் தேடுகிறார்.”

இதில் ‘செயலி’ என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? அதற்கு அவசரமில்லை. ஆனால் காட்சியை வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்யாதீர்கள். ஒரு நாள் முழுக்க அந்தக் கடையில் போய் இருங்கள். பின் அடித்த துணுக்கெல்லாம் எனக்குத் தானாகத் தோன்றியிருக்காது.

படி 2: எண் கதைக்குள் வரட்டும்

10 பைசா பஞ்சு, நாப்கினாக மாறினால் 4 ரூபாயா? முருகானந்தத்தை உறுத்திய கணக்கு இது. கேட்பவரையும் உறுத்தும். நான் அக்கா கடையில் ஒரு நாள் வந்த போன்களை எண்ணினேன்: 23. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம் என்றால் ஒன்றரை மணி நேரம் போச்சு. அந்த நேரத்தில் ஒரு பிளவுஸாவது தைத்திருப்பார். சந்தை மதிப்பா? கேட்டால் சொல்லலாம், கையில் வைத்திருங்கள்.

படி 3: தோற்றதை மறைக்காதீர்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். முருகானந்தம் பஞ்சில் செய்த நாப்கின் சரிவரவில்லை. அதைச் சோதிக்க, கால்பந்தின் உள்ளே இருக்கும் ரப்பர் பையில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தானே கட்டிக்கொண்டு திரிந்தார். கம்பெனிகள் பயன்படுத்துவது வெறும் பஞ்சல்ல, மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. இதைக் கேட்ட பிறகு, ‘இந்த ஆள் பாதியில் ஓடிவிடுவாரோ’ என்ற சந்தேகம் யாருக்கு வரும்?

என் செயலியின் முதல் வடிவத்தில் எல்லாவற்றையும் டைப் செய்ய வேண்டும். கையில் கத்தரிக்கோலோடு இருப்பவர் எங்கே டைப் செய்வார்? மூன்றாம் நாளே அக்கா விட்டுவிட்டார். இப்போது துணுக்கைப் போட்டோ எடுத்தால் போதும். தைத்து முடித்ததும் அந்தப் படத்தைத் தொட்டால் வாடிக்கையாளருக்குச் செய்தி போய்விடும். தோல்வியைச் சொல்லப்போய், செயலி வேலை செய்யும் விதத்தையும் சொல்லியாகிவிட்டது.

ஆனால் அழுகைக் கதையாக்கிவிடாதீர்கள். இரண்டு வரி போதும்.

படி 4: வேண்டியதைக் கேளுங்கள்

கதை நன்றாக இருந்தது என்று கைகொடுத்து அனுப்பிவிடுவார்கள், ஜாக்கிரதை. “40 கடைகளில் எட்டு மாதம் ஓட்டிப் பார்க்க 6 லட்சம் வேண்டும்” என்று தொகையோடு முடியுங்கள்.

படி 5: வீட்டில் ஒத்திகை

மூன்று நிமிடம், ஸ்லைடு இல்லாமல், தொழில் தெரியாத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் பார்வை எங்கே விலகுகிறதோ அந்த இடத்தை வெட்டுங்கள். நான் அம்மாவிடம் சொன்னேன். பாதியிலேயே நிறுத்தி, “அந்தப் பை மழையில நனைஞ்சா அவ என்னடா பண்ணுவா?” என்று கேட்டார். இப்போது நான் முதலீட்டாளரிடம் சொல்லும் கதையில் மஞ்சள் பைக்கு அடுத்த வரி அதுதான்.