மல்லித்தழை போல ஹாப்ஸ்: வீட்டு பீருக்கு டிரை ஹாப்பிங் செய்வது எப்படி

ரசம் நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் மல்லித்தழை போடுவோம். கொதிக்கவிட்டால் வாசம் ஆவியோடு போய்விடும். டிரை ஹாப்பிங்கும் அதே கணக்குதான். ஹாப்ஸ் என்பது பீரில் சேர்க்கும் ஒரு கொடியின் பூ. கொதியில் போடும் ஹாப்ஸ் கசப்பைத் தரும்; புளித்து முடிந்த பீரில் போடும் ஹாப்ஸ் மணத்தைத் தரும். பெங்களூரில் இந்திராநகர், கோரமங்களா பக்கம் ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான பீர்) கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே மாம்பழமும் எலுமிச்சைத் தோலுமாக வீசுகிறதே, அது பெரும்பாலும் இப்படி வந்த மணம்தான்.

உங்கள் கேனில் 10 லிட்டர் பேல் ஏல் (வெளிர் நிற பீர் வகை) புளித்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 கிராம் ஹாப்ஸ் பெல்லட் (பொடித்து அழுத்திய குளிகை) போதும். முதல் தடவை ஒரே ரகம் போடுங்கள். அப்போதுதான் அதன் மணம் எது என்று மூக்குக்குப் பிடிபடும். என் தேர்வு கேஸ்கேட். 1972-இல் அமெரிக்காவில் வெளியான ரகம், பம்பளிமாசும் பூவும் கலந்த வாசம். பாக்கெட்டைப் பிரித்ததும் ஒரு பெல்லட்டை விரலுக்கிடையில் நசுக்கிப் பாருங்கள். விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் அந்த எண்ணெயில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய சீஸ் மாதிரி நாறினால் அந்தப் பாக்கெட் வேண்டாம். மிச்சத்தைக் காற்று போகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள்.

எப்போது போடுவது? பீரின் அடர்த்தியை அளந்து, சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று சொல்லும் மிதவைதான் ஹைட்ரோமீட்டர். அதில் 1.012 காட்டுகிறது என்றால் இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். எண் மாறாவிட்டால் புளிப்பு முடிந்தது என்று அர்த்தம்.

மெல்லிய மஸ்லின் துணிப் பையையும், அது மிதக்காமலிருக்க ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தையும் 10 நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். பெல்லட்டைக் கொதிக்க வைக்கத் தேவையில்லை. பீரில் ஊறினால் அது நன்றாக உப்பும், அதனால் பையைத் தளர்வாகக் கட்டுங்கள். மூடியைத் திறந்து, பையை மெதுவாக இறக்கி, உடனே மூடிவிடுங்கள். கிளறவே கூடாது. காற்று கலந்தால் பீர் பழுப்பேறி, நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும்.

18 முதல் 20 டிகிரியில் மூன்று நாள். டிசம்பர் பெங்களூருக்கு இது தானாகவே அமையும். ஏப்ரலில் கேனைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, மேலே ஈரத்துண்டு சுற்றுங்கள். கூடுதலாக ஊறினால் கூடுதலாக மணக்கும் என்று நினைக்காதீர்கள், புல் வாசம்தான் ஏறும்.

அடுத்த கட்டத்தை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ஹாப்ஸில் உள்ள நொதிகள், ஈஸ்ட்டால் தின்ன முடியாமல் மிஞ்சிய மாவுப்பொருளை உடைத்துச் சர்க்கரையாக்கும். தூங்கிய ஈஸ்ட் மறுபடி எழும். இது தெரியாமல் நான் மூன்றாம் நாளே நேராகப் பாட்டிலில் அடைத்தேன். பத்து நாள் கழித்து எங்கள் அலசூர் வீட்டு பால்கனியில் முதல் பாட்டிலைத் திறந்ததும் பாதி பீர் கூரைக்குப் போனது. பாட்டிலே வெடித்திருந்தால் கண்ணாடிச் சில்லு எங்கே பாய்ந்திருக்குமோ! அதனால் பையை எடுத்த பிறகு மறுபடி ஹைட்ரோமீட்டர் வையுங்கள். எண் இறங்கியிருந்தால், இரண்டு நாள் தொடர்ந்து அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள்.

அப்புறம் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைத்தால் தூள் அடியில் படியும். தெளிவை மட்டும் குழாய் வைத்து இறக்கி, லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்த்து அடையுங்கள். அறை வெப்பத்தில் இரண்டு வாரம் விட்டுக் குளிரவையுங்கள். மணம் நாளுக்கு நாள் குறையும், ஒரு மாதத்துக்குள் குடித்துவிடுங்கள்.

மிஞ்சிய ஹாப்ஸ் சக்கையைக் குப்பையோடு தெருவில் வைக்காதீர்கள். நாய்களுக்கு அது விஷம். உடல் சூடு தாறுமாறாக ஏறி உயிரே போகலாம். நான் இரண்டு கவரில் இறுக்கிக் கட்டி, காலையில் குப்பை வண்டி வரும்போது நேரில் கொடுத்துவிடுகிறேன்.