ஜிம்னியைத் தூக்குவதா வேண்டாமா? முதலில் பாயை விரித்து அடியில் படுங்கள்

வண்டி வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காத்துப் பிடிக்கப் போன இடத்தில் பஞ்சர் கடைக்காரர் கேட்டுவிட்டார்: "சார், லிஃப்ட் போடலையா?" அப்புறம் எதிர்வீட்டுப் பையன், அலுவலகத்து நண்பர், கடைசியில் மைத்துனர். லிஃப்ட் என்றால் நீளமான ஸ்பிரிங் போட்டு வண்டியை உயர்த்துவது. மாருதியின் ஐந்து கதவு ஜிம்னி என்றாலே பார்க்கிறவர்களுக்குக் கை அரிக்கும் போலிருக்கிறது. எனக்கும் அரித்தது, மறைக்கவில்லை. நாலு மாதம் யோசித்து, அளந்து, படுத்து எழுந்து ஒரு முடிவுக்கு வந்தேன். தினமும் ஓட்டுகிற வண்டியை உயர்த்தலாமா என்று குழம்புகிறவர்களுக்கு நான் போன வழியைச் சொல்கிறேன். மகிந்திரா தாரோ, பழைய மாருதி ஜிப்சியோ வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இது பொருந்தும்.

முதல் வேலை, ஒரு வாரம் ஓடும் கிலோமீட்டரை எழுதிப் பாருங்கள். எனக்குச் சேலத்தில் வங்கி வேலை. வீட்டிலிருந்து கிளைக்கு 9 கிலோமீட்டர். போக வர ஐந்து நாளைக்கு 90. சனிக்கிழமை ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, நாகலூர் தாண்டி அப்பாவின் காப்பித் தோட்டத்துக்குப் போய் வந்தால் இன்னொரு 80. இதில் தார் ரோடு முடிந்து தோட்டத்து வாசல்வரை போகிற மண் பாதை 1.8 கிலோமீட்டர்தான். போக வர 3.6. ஆக வாரத்துக்கு 170 கிலோமீட்டரில் நான்கு கிலோமீட்டர்கூட இல்லை. இந்த எண்ணைத் தாளில் பார்த்ததும் பாதி அரிப்பு அடங்கியது. ஆனால் அந்த 3.6-ல்தான் 'டொக்' என்று அடியில் இடிக்கிறது. அதனால் விஷயம் அதோடு முடியவில்லை.

லிஃப்ட் கிட் போட்டால் எது உயரும், எது உயராது என்பதை வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் புரியும். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் ஆக்ஸில். அதன் நடுவில் உருண்டையாகத் தொங்குகிறதே, இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்கள் உள்ள டிஃப்ரன்ஷியல் கூடு, அதுதான் தரைக்கு மிகப் பக்கம். கம்பெனி சொல்லும் 210 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸை (தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி) டேப் வைத்துச் சரிபார்க்க வேண்டிய இடமும் அதுதான். லிஃப்டுக்காகப் போடும் நீளமான ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு மேலே உட்காருகிறது. அது சேசிஸையும் பாடியையும் தூக்கும், ஆக்ஸிலைத் தூக்காது. ஐம்பது மில்லிமீட்டர் லிஃப்ட் போட்ட பிறகும் அந்த உருண்டைக்கு அடியில் அதே 210தான். ஆக்ஸில் உயர ஒரே வழி பெரிய டயர். அதிலும் விட்டம் கூடுவதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். வண்டியோடு வந்த 195/80 R15 டயரின் விட்டம் கணக்குப்படி 693 மில்லிமீட்டர். 215/75 போட்டால் சுமார் 703. லாபம் வெறும் 5 மில்லிமீட்டர். 235/75 போட்டால் 733 ஆகி 20 மில்லிமீட்டர் கிடைக்கும். ஆனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது அந்த டயர் எங்காவது உரசப் பார்க்கும். உரசாமல் இருக்க இடம் வேண்டும் என்பதற்காகவே பலர் லிஃப்ட் போடுகிறார்கள்.

அப்படியானால் லிஃப்டால் நேரடியாக என்ன பயன்? கோணங்கள். மேட்டில் முகம் இடிக்காமல் ஏறுவது, இறங்கும்போது வால் தட்டாமல் இருப்பது, மேட்டின் உச்சியில் வயிறு மாட்டிக்கொள்ளாமல் தாண்டுவது. ஐந்து கதவு ஜிம்னிக்கு முன் கோணம் 36 டிகிரி, பின் கோணம் அதைவிட அதிகம். இரண்டும் தாராளம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம், அதாவது வீல்பேஸ், 2590 மில்லிமீட்டர் என்று நீண்டுவிட்டதால் வயிற்றுக் கோணம் மட்டும் 24 டிகிரியில் நின்றுவிட்டது. நாற்பது மில்லிமீட்டர் தூக்கினால் அதில் மூன்று டிகிரி சொச்சம் கூடும். இந்த வண்டிக்கு லிஃப்ட் வேண்டும் என்று யாராவது வாதாடினால் அவர்களிடம் இருக்கும் உண்மையான சாட்சி இந்த வயிறுதான்.

என் வண்டி எங்கே இடிக்கிறது? காதால் கேட்டு ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்குப் பெயிண்ட் அடித்ததில் மிச்சமிருந்த வெள்ளை எமல்ஷன் ஒரு டப்பா கிடந்தது. பாயை விரித்து அடியில் படுத்து, பழைய பிரஷால் சில இடங்களில் கைக்குட்டை அகலத்துக்குப் பூசினேன்: முன் டிஃப்ரன்ஷியல், பின் டிஃப்ரன்ஷியல், ஆக்ஸிலில் கீழ்க்கம்பிகள் மாட்டியிருக்கும் பிராக்கெட்டுகள், கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், முன் பம்பரின் கீழ் உதடு. சைலன்சர் பைப், ரப்பர் புஷ், சென்சார் ஒயர் இவற்றில் பூசாதீர்கள். ஒவ்வொரு வாரமும் தோட்டத்திலிருந்து வந்ததும் டார்ச்சோடு அடியில் போய், எங்கே வெள்ளை போயிருக்கிறது என்று நோட்டில் எழுதிவிட்டு மறுபடி பூசினேன்.

ஒன்பது முறை போய் வந்த கணக்கு இது. முன் பம்பரில் ஒருமுறைகூட இல்லை. பின் டிஃப்ரன்ஷியலில் இரண்டு முறை லேசான கீறல். பின்பக்க பிராக்கெட்டில் ஒருமுறை. குறுக்குச் சட்டத்தில் ஆறு முறை. ஆறாவது கீறலைப் பார்த்ததும் தோட்டத்து மேஸ்திரியை நடக்கவிட்டு, நான் நடைவேகத்தில் வண்டியைக் கொண்டுபோனேன். எங்கே சத்தம் வந்தாலும் அந்த இடத்தில் குச்சி நட வேண்டும் என்று ஏற்பாடு. வாசலுக்கு முந்நூறு மீட்டர் முன்னால், மழைநீர் பாதையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடும் இடத்தில் ஒரு மேடு. குச்சி நட்டது அந்த ஒரு இடத்தில்தான்.

நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள். கீறல் உருண்டையில் மட்டும் என்றால் கேள்வி டயர் பற்றியது, லிஃப்ட் உங்களுக்கு உதவாது. வயிற்றில் என்றால் லிஃப்டோ, அடித்தகடோ, பாதையோ. வெள்ளை போகவே இல்லை என்றால் அழகுக்காகத் தூக்க ஆசைப்படுகிறீர்கள். அது தப்பில்லை, ஆனால் அழகு என்றே சொல்லிக்கொள்ளுங்கள். செலவுக் கணக்கு சுலபமாகும்.

அடுத்து வீட்டு ஆட்கள். அப்பாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்து இரண்டு வருடமாகிறது. மரக்கடையில் இரண்டு அங்குலக் கனத்தில் நாலு பலகை வாங்கி, நாலு சக்கரத்துக்கும் அடியில் கொடுத்து, வீட்டு வாசலில் சமதரையில் நிறுத்தினேன். கை பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரத்துக்கு அண்டைக் கல்லும் வைத்தேன். ஞாயிறு முழுக்க வண்டி அப்படியே நின்றது. ஐம்பது மில்லிமீட்டர் லிஃப்ட் எப்படி இருக்கும் என்று காசு செலவில்லாமல் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அம்மா கதவுச் சட்டத்தைப் பிடித்துச் சமாளித்து ஏறினார். அப்பா வலது காலைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். "ஏன்டா, இதுல ஏறுறதுக்கு ஒரு முக்காலி வேற கூட எடுத்துட்டு வரணுமா?" இரண்டு அங்குலம் என்று வாயால் சொல்லும்போது ஒன்றுமே இல்லாதது போலத்தான் இருக்கிறது.

சாலையில் என்ன ஆகும் என்பதை நண்பரின் ஜிம்னியில் பார்த்தேன். ஒரு கடையில் ஐம்பது மில்லிமீட்டருக்கு ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். தர்மபுரியிலிருந்து திரும்பும்போது நான் ஓட்டினேன். தொப்பூர் கணவாய்க்கு முன்னால் வேகம் எண்பது. பாலத்தின் இணைப்பு ஒன்றில் சக்கரம் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் படபடவென்று அடித்துக்கொண்டது, கையை உதறிவிடும் போல. பிரேக்கை மெதுவாக மிதித்து வேகத்தை நாற்பதுக்குக் கீழே கொண்டுவந்த பிறகுதான் நின்றது. லாரிகள் வரிசையாக இறங்கும் அந்தக் கணவாயில் அது நடந்திருந்தால் என்ன என்று இப்போதும் நினைப்பு வருகிறது.

காரணம் கேஸ்டர் என்கிற சாய்வு. புல்லட்டின் முன் ஃபோர்க் பின்னால் சாய்ந்து இருப்பதால்தான் ஹேண்டில் தானாக நேருக்கு வருகிறது. காரின் முன் சக்கரங்களுக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு. முன் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கைகளின் நீளம் மாறுவதில்லை. பாடியைத் தூக்கினால் அந்தக் கைகள் கீழ்நோக்கிச் சாய்ந்து, ஆக்ஸிலையும் கொஞ்சம் உருட்டிவிடும். சாய்வு குறையும். வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் திரும்பி வராமல் சோம்பும். நேர்ச் சாலையில் வண்டி அலையும். கூடவே டயர் பேலன்ஸ் கோளாறோ தேய்ந்த புஷ்ஷோ இருந்தால் அந்தப் படபடப்பு வரும். சாய்வைத் திருத்தும் கேஸ்டர் புஷ் போட்டு, நாலு சக்கரத்தையும் பேலன்ஸ் செய்த பிறகு நண்பரின் வண்டி அடங்கியது. ஆனாலும் காற்றடிக்கும் நாளில் முன்பு போல இல்லை என்கிறார். பிறந்ததிலிருந்தே 1645 மில்லிமீட்டர் அகலமும் 1720 மில்லிமீட்டர் உயரமும் உள்ள வண்டி; அதை மேலும் தூக்கினால் வளைவில் சாயத்தான் செய்யும்.

பெரிய டயர் போட்டால் இன்னொரு ஏமாற்றும் உண்டு. 235/75-ல் ஸ்பீடோமீட்டர் முள், டயர் மாற்றுவதற்கு முன் காட்டியதைவிடக் குறைவாகக் காட்டும். முன்பு 106 காட்டிய வேகத்தில் இப்போது 100 என்று இருக்கும். மலையேற்றத்தில் இரண்டாவது கியரில் போன இடத்துக்கு ஒன்றாவது தேவைப்படும். 1.5 லிட்டர் பெட்ரோல், 105 குதிரைச் சக்தி. விட்டுக்கொடுக்க அதிகம் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று இருக்கிறது. எல்லோரும் போட்டுக்கொண்டுதான் சுற்றுகிறார்கள் என்பது வேறு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது எதை என்று யோசித்துக்கொள்ளுங்கள். வாரன்டி கேட்டுப் போகும்போதும் இதே கதைதான்.

இத்தனைக்கும் பிறகு லிஃப்ட் யாருக்குச் சரி? வாரத்தில் பாதி நாளாவது கரடுமுரடில் போகிறவர்களுக்கு, வயிற்றுக் கீறல் ஒரே இடத்தில் இல்லாமல் பாதை முழுக்க விழுகிறவர்களுக்கு, வீட்டில் இன்னொரு வண்டி இருப்பவர்களுக்கு. போடுவதாக இருந்தால் நாற்பது மில்லிமீட்டரோடு நிறுத்துங்கள். ஸ்பிரிங் வாங்கும்போது எவ்வளவு சுமைக்கானது என்று கேளுங்கள். இரும்பு பம்பரும் வின்ச்சும் தாங்கச் செய்த ஸ்பிரிங்கைக் காலி வண்டியில் போட்டால் மாட்டு வண்டிப் பயணம்தான். ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் முழுக்க அமுங்காமல் தடுக்கும் நீட்டிய பம்ப் ஸ்டாப், கேஸ்டர் புஷ், ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும், நீளம் மாற்றக்கூடிய பேன்ஹார்ட் ராடு எல்லாம் ஒரே பில்லில் வரட்டும். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்றால் அந்தக் கடையிலிருந்து கிளம்புங்கள். சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ் இறுகாமல் தளர்வாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பிறகு இரண்டு பக்கமும் வீல் ஆர்ச்சிலிருந்து குண்டு நூல் தொங்கவிட்டு, நூலுக்கும் டயருக்கும் உள்ள தூரத்தை அளங்கள். ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் ஆக்ஸில் ஓரமாக நகர்ந்திருக்கிறது, பேன்ஹார்ட் ராடைத் திருத்த வேண்டும். அலைன்மென்ட் கடையில் டோ, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள். கேஸ்டர் எண்ணை லிஃப்டுக்கு முன்னும் பின்னும் அச்சடித்து வாங்குங்கள். ஹெட்லைட்டைத் தாழ்த்தவும் மறக்காதீர்கள், எதிரே வருகிறவன் சபிப்பான்.

நான் போடவில்லை. அதே 195/80 அளவில், மண் பாதைக்கும் தாங்கும் ஆல் டெரெயின் டயர் மாற்றினேன். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே ஒரு அடித்தகடு. மண் பாதை தொடங்கும் இடத்தில் நாலு டயரிலும் காத்தை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குகிறேன், தார் ரோடு வந்ததும் சின்ன கம்ப்ரசரால் கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு ஏற்றிவிடுகிறேன். சறுக்கலும் குலுக்கலும் குறைந்ததற்கு முக்கியக் காரணம் இந்தக் காத்துதான் என்று நினைக்கிறேன். அப்புறம் அந்த மேடு. ஒரு டிராக்டர் கல்லும் இரண்டு ஆளும் வைத்து, மேட்டின் தலையைச் சீவி, இரண்டு பக்கப் பள்ளத்திலும் கல் அடுக்கி, தண்ணீர் போக ஒரு குழாயும் பதித்தோம். கூலியோடு 7,500 ரூபாய். மைத்துனர் சிரித்தார்: "வண்டியைத் தூக்கச் சொன்னா ரோட்டைத் தூக்கியிருக்கீங்களே மாமா."

ஐப்பசி மழை ஓய்ந்ததும் வெள்ளை பூசி மறுபடி அடியில் படுப்பேன். பின் உருண்டையில் கீறல் கூடியிருந்தால் டயர் கடைக்குப் போகணும். நடுச் சட்டத்தில்தான் என்றால் இன்னொரு டிராக்டர் கல்.