களப்பணிப் படிவத்தில் டிஜிட்டல் கையெழுத்து: சேர்த்த மணிநேரத்தை இழக்க வைக்கும் தவறுகள்

அமெரிக்காவில் நடத்தைப் பகுப்பாய்வாளராக, அதாவது பிசிபிஏ சான்றிதழோடு, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுடன் வேலை செய்ய முதுகலைப் பட்டமும் தேர்வும் மட்டும் போதாது. ஒரு மேற்பார்வையாளரின் கீழ் 2,000 மணிநேரம் களப்பணி செய்திருக்க வேண்டும். மேற்பார்வை கூடுதலாக உள்ள செறிவான வழியில் போனால் 1,500 மணிநேரம். வேலை, குடும்பம், படிப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் சேர்க்கிற நேரம் இது. அவ்வளவுக்கும் சாட்சி மாதத்துக்கு ஒரு படிவமும் அதன் அடியில் உள்ள இரண்டு கையெழுத்துகளும்தான்: ஒன்று ட்ரெய்னியுடையது, மற்றது சூப்பர்வைசருடையது.

சான்றிதழ் தரும் பிஏசிபி வாரியம் விண்ணப்பத்தோடு கேட்பது இறுதிச் சரிபார்ப்புப் படிவத்தை. மாதப் படிவங்களைத் தணிக்கைக்கு எடுத்தால்தான் கேட்கும். இங்கேதான் ஆபத்து. முதல் மாதம் கையெழுத்தில் செய்த தவறு அந்த மாதமே தெரிந்தால் சரிசெய்துவிடலாம். ஆனால் எல்லாம் முடிந்து, அந்தப் பழைய சூப்பர்வைசர் வேறு மாநிலத்துக்குப் போன பிறகுதான் அது வெளியே வரும்.

அதிகம் பார்க்கிற தவறு, பெயரைத் தட்டச்சு செய்துவிட்டுக் கையெழுத்து போட்டாகிவிட்டது என்று நினைப்பது. சிலர் அதையே சாய்ந்த அலங்கார எழுத்துருவில் போடுவார்கள். ‘ஈ-சைன் சட்டப்படி இது செல்லும்’ என்ற வாதமும் வரும். 2000-ல் வந்த அந்தக் கூட்டாட்சிச் சட்டம், மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கையெழுத்தைச் செல்லாது என்று தள்ளக்கூடாது என்கிறது. உண்மைதான். ஆனால் சட்டத்தின் குறைந்தபட்ச அளவு வேறு, சான்றிதழ் தரும் அமைப்பு கேட்கும் தரம் வேறு. வெறும் தட்டச்சுப் பெயர் வாரியத்திடம் எடுபடாது. கையால் போட்ட கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் யார் போட்டார், எப்போது போட்டார் என்று சரிபார்க்கக்கூடிய மின்னணுக் கையெழுத்து வேண்டும். டாக்குசைன், அடோபி போன்ற சேவைகளைப் பலரும் பயன்படுத்துவது இதற்காகத்தான்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. சூப்பர்வைசருக்கு நேரம் கிடைப்பதில்லை. தன் கையெழுத்தைப் படமாக எடுத்து ட்ரெய்னியிடம் கொடுத்துவிடுகிறார்: ‘மாதக் கடைசியில் நீங்களே ஒட்டிவிடுங்கள், நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.’ சில இடங்களில் டாக்குசைன் கணக்கின் பாஸ்வேர்டே கைமாறுகிறது. கொடுப்பவருக்கு இது உதவி மாதிரி தெரியும். வாங்குபவருக்கு மறுக்கத் தயக்கமாக இருக்கும். தயவுசெய்து மறுத்துவிடுங்கள். அந்தப் படத்தை ஒட்டிய கணத்திலிருந்து அது சூப்பர்வைசரின் கையெழுத்து இல்லை, அவர் பெயரில் நீங்கள் போட்டது. பின்னால் உறவு கசந்து, ‘நான் இதைப் பார்க்கவே இல்லை’ என்று அவர் சொன்னால் உங்கள் பக்கம் ஆதாரமே இருக்காது. 2022-ல் நடைமுறைக்கு வந்த வாரியத்தின் அறநெறி விதிகளில் உண்மையாக இருப்பது பற்றிய விதி முதல் வரிசையிலேயே இருக்கிறது. இந்த விஷயத்தில் இரண்டு பேரும் பதில் சொல்ல வேண்டிவரும்.

அடுத்தது தேதி. மாதப் படிவத்தில், அந்த மாதத்துக்கு அடுத்த மாதத்தின் கடைசி நாளுக்குள் இருவரும் கையெழுத்திட வேண்டும். மார்ச் மாத வேலைக்கு ஏப்ரல் 30 கெடு. ட்ரெய்னி ஏப்ரல் 5 அன்றே போட்டு அனுப்பிவிடுகிறார். சூப்பர்வைசரின் இன்பாக்ஸில் அது அப்படியே கிடக்கிறது. மே 2 அன்று நினைவு வந்து சொடுக்குகிறார். கூடவே தேதிக் கட்டத்தில் ஏப்ரல் 29 என்று எழுதிவிடுகிறார். படிவத்தில் ஏப்ரல் 29 இருக்கும். ஆனால் யார் எப்போது கையெழுத்திட்டார் என்று டாக்குசைன் பதிந்து தரும் முடிவுச் சான்றில் மே 2, மணி, நிமிடத்தோடு இருக்கும். தாமதம் ஒரு குறை, முன்தேதி போட்டது பொய். தாமதத்தால் அந்த மாதத்தின் மணிநேரம் போகலாம். முன்தேதியால் மற்ற மாதங்கள் மீதும் சந்தேகம் விழும். தேதிக் கட்டத்தைத் தானாக நிரம்பும்படி அமைத்துவிடுவதே நல்லது. அனுப்பிவிட்டோம் என்று சும்மா இருக்காமல் ‘இருவரும் முடித்தாயிற்று’ என்ற மின்னஞ்சல் வந்ததா என்றும் பாருங்கள்.

சீக்கிரம் போடுவதிலும் சிக்கல் உண்டு. மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போதே, வரப்போகிற மணிநேரத்தையும் சேர்த்து எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்த மூன்று நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து அமர்வு ரத்தானால், நடக்காத வேலைக்குக் கையெழுத்து இருக்கும்.

கையெழுத்துக்கு முன் கணக்கைப் பார்க்காததையும் கையெழுத்துத் தவறாகவே நான் எண்ணுகிறேன். ஓர் உதாரணம். சாதாரண வழியில் மாத நேரத்தில் 5 சதவீதம் மேற்பார்வை இருக்க வேண்டும். ஒருவர் 124 மணிநேரம் வேலை செய்திருக்கிறார், மேற்பார்வை 6 மணிநேரம். தோராயமாகப் பார்த்தால் போதும் போலத் தோன்றும். வகுத்துப் பார்த்தால் 4.84 சதவீதம்தான். இப்படியே கையெழுத்திட்டால் மாதம் மொத்தமும் ஆட்டம் காணும். முன்கூட்டியே கவனித்தால், தனியாகச் செய்த நேரத்தில் 4 மணியைக் குறைத்து 120 என்று எழுதலாம். 6 மணி அப்போது சரியாக 5 சதவீதம். இழப்பு 4 மணியோடு நிற்கும். செறிவான வழியில் 10 சதவீதம் தேவை என்பதால் அங்கே இன்னும் கவனம் வேண்டும். தினசரி மணிநேரத்தைக் குறித்துவரும் ட்ராக்கர் தாளைத் திறந்து பார்க்காமல் படிவத்தில் மட்டும் கையெழுத்திடும் சூப்பர்வைசர் எதற்குச் சாட்சி சொல்கிறார் என்றே தெரியவில்லை.

இனி கோப்பு சம்பந்தப்பட்டவை. டிஜிட்டல் கையெழுத்துப் போடும்போது மென்பொருள் கோப்பு முழுவதையும் கணித்து ஒரு சுருக்க எண் எடுக்கிறது. அதைக் கையெழுத்திட்டவரின் ரகசியச் சாவியால் முத்திரையிட்டுக் கோப்புக்குள்ளேயே வைக்கிறது. பிறகு ஓர் எண்ணை மாற்றினாலும் முத்திரை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே மணிநேரக் கணக்கில் 118-ஐ 119 ஆக்க வேண்டுமென்றால் பழையதைத் தொடாதீர்கள். புதுப் படிவம் நிரப்பி இருவரும் மறுபடி போட வேண்டும். எண்ணைத் தொடாமலேயே முத்திரை போவதும் உண்டு. பன்னிரண்டு மாதப் படிவங்களை ஒரே பிடிஎஃப் ஆக இணைப்பார்கள், அல்லது ‘பிரின்ட் டு பிடிஎஃப்’ கொடுத்துப் புதிதாகச் சேமிப்பார்கள். பார்க்கக் கையெழுத்து அப்படியே இருக்கும், ஆனால் உள்ளே வெறும் படம்தான் மிஞ்சும். மாதம் ஒரு கோப்பாக, வந்தபடியே வைத்திருங்கள்.

அடோபியின் பிடிஎஃப் மென்பொருளான அக்ரோபாட்டில் கையெழுத்திடும்போது, கையெழுத்துக்குப் பின் ஆவணத்தைப் பூட்டவா என்று ஒரு சிறு டிக் கட்டம் வரும். முதலில் போடுபவர் அதை டிக் செய்துவிட்டால் இரண்டாமவரால் கையெழுத்திட முடியாது. கடைசியாகப் போடுபவர் மட்டும் பூட்டட்டும். அதே மென்பொருளில் நாமே உருவாக்கிக்கொள்ளும் டிஜிட்டல் ஐடிக்கும் ஒரு குறை உண்டு: வேறொருவர் திறக்கும்போது அடையாளம் சரிபார்க்கப்படவில்லை என்று காட்டும், நேரமும் நம் கணினிக் கடிகாரத்தின் நேரமாக இருக்கும். மூன்றாம் தரப்புச் சேவையின் பதிவு இருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்குத் தனிச் சிரமம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு பக்கம், தன் பெயர் மறுபக்கம். அலுவலக மின்னஞ்சலில் இன்ஷியலோடு. கல்யாணத்துக்குப் பின் இன்னொன்று. கையெழுத்துச் சேவை அந்தக் கணக்கில் உள்ள பெயரைத்தான் அச்சடிக்கும். வாரியக் கணக்கில் உள்ள பெயர், தேர்வுக்குக் காட்டப்போகும் அடையாள அட்டை, படிவத்தின் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்கும்படி முதல் மாதமே சரிசெய்துகொள்ளுங்கள். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ இந்தச் சான்றிதழுக்கு முயல நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளில் வசிப்பவர்களுக்கு மட்டுமே என்று வாரியம் வரம்பு வைத்துவிட்டது.

குழந்தையின் பெயர், நோய்க்குறிப்பு எழுதிய அமர்வுக் குறிப்புகளை ஏதோ ஓர் இலவசக் கையெழுத்துத் தளத்தில் ஏற்றாதீர்கள். மாதப் படிவத்துக்கு அந்த விவரங்கள் தேவையில்லை, குழந்தையின் அந்தரங்கத்தை வெளியே விட நமக்கு உரிமையும் இல்லை.

கடைசியாக, சேமிப்பு. மேற்பார்வை ஆவணங்களைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆனால் பலருடைய படிவங்கள் கிளினிக் கொடுத்த மின்னஞ்சலுக்குள், கிளினிக்கின் கையெழுத்துக் கணக்குக்குள் கிடக்கின்றன. வேலையை விட்ட அன்று மாலையே அந்தக் கதவு மூடிவிடும். இரண்டாவது கையெழுத்து விழுந்த அன்றே படிவத்தையும் முடிவுச் சான்றையும் சேர்த்து இறக்கி, உங்கள் சொந்தச் சேமிப்பில் இரண்டு இடத்தில் வையுங்கள். இறக்கியதும் ஒரு தடவை திறந்து, பிடிஎஃப் மென்பொருளின் கையெழுத்துப் பலகையில் முத்திரை செல்லுபடியாகிறதா என்றும் பாருங்கள். கோளாறு இருந்தால் அப்போதே சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, கெடுவுக்குள் புதுப் படிவத்தில் வாங்கிவிடலாம்.