டம்மி டக் செய்துகொண்டு தோட்டத்து வீட்டுக்குத் திரும்பும் தங்கைகளுக்கு

தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகியோ கணவரின் வேலைக்காகவோ மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் புதிதாக வந்து சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் புதுக்கோட்டைக்காரி. இந்த ஊருக்கு மருமகளாக வந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற பிறகு என் வயிற்றின் நடுத்தசை இரண்டாக விலகி, தொப்புளில் குடலிறக்கமும் சேர்ந்துகொண்டது. குனிந்து பிள்ளையைத் தூக்கினால் இடுப்பு கழன்று விழுவதுபோல் இருக்கும். அதனால்தான் வயிற்றின் உபரித் தோலை வெட்டி, விலகிய தசையைச் சேர்த்துத் தைக்கும் இந்த டம்மி டக் அறுவையைச் செய்துகொண்டேன். அழகுக்காக வெட்டிக்கொண்டாள் என்று லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பேசியவர்களும் உண்டு. அழகுக்காகச் செய்துகொண்டால்தான் என்ன? தையல் போட்ட வயிறு எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வலிக்கிறது.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த அறுவை சிகிச்சைக்கு இங்கிருந்து பெரும்பாலும் பக்கத்துப் பெரிய நகரமான ஈப்போவுக்குத்தான் போவோம். கடப்பிதழையும் விசாவையும் எடுத்துச் செல்லுங்கள். வெளிநாட்டவருக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று முன்கூட்டியே கேளுங்கள். அழகு சிகிச்சைக்குக் காப்புறுதி நிறுவனங்கள் பொதுவாகப் பணம் தருவதில்லை. குடலிறக்கம் இருந்தால் அந்தப் பகுதிக்கு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆறு வாரம் பிள்ளைகளைத் தூக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, கொடுத்த ஒவ்வொரு மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் அச்சடித்துக் கேட்டு வாங்குங்கள். இந்தக் கடைசி வேலையை நான் செய்யவில்லை.

முதலில் படுக்கை. ஊரில் பாயில் படுத்தே வளர்ந்தவள் நான். அறுவைக்குப் பிறகு பாய் ஆகாது; தரையிலிருந்து எழுந்திருக்கவே முடியாது. உபரித் தோலை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கீழ்நோக்கி இழுத்துத் தைத்திருப்பார்கள். மட்ட மல்லாந்து படுத்தால் அந்தத் தையல் கோடு முழுவதும் விண்ணென்று இழுக்கும். முதுகு 30 முதல் 45 பாகை வரை உயர்ந்திருக்க வேண்டும், முழங்கால்கள் மடங்கியிருக்க வேண்டும். தலையணைகளை அடுக்கிப் பார்த்தேன். நடு இரவில் ஒவ்வொன்றாக நழுவிவிட்டன. மாமனாரின் கித்தான் சாய்வு நாற்காலியில் படுத்துப் பார்த்தேன். படுக்கச் சுகமாக இருந்தது, எழுந்திருக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கடைசியில் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பழைய மெத்தை ஒன்றைப் பாதியாக மடித்துச் சுவரில் சாய்த்து, அம்மா கொடுத்தனுப்பிய பத்தமடைப் பாயைச் சுருட்டித் துணி சுற்றி முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் மூன்று மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன்.

எழும்போது வயிற்றை எக்கி எழாதீர்கள். முழங்கால்களைச் சேர்த்தபடி உடம்பு முழுவதையும் ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் திருப்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கைகளை ஊன்றி எழ வேண்டும். இருமலோ தும்மலோ வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் கூனிக்கொண்டுதான் நடப்பீர்கள், அது சரிதான். ஆனால் நடக்காமல் மட்டும் இருக்காதீர்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாசல்வரை போய் வந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து குறையும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

பழைய லயத்து வீடுகளில் குந்தி உட்காரும் கழிப்பறைதான் இருக்கும். நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை அறுவைக்கு முன்பே வாங்கி அதன்மேல் போட்டுவிடுங்கள். வலிக்குத் தரும் டிராமடோல் மாத்திரை மலத்தைக் கட்டும். முக்கினால் தைத்த தசை கிழிவதுபோல் வலிக்கும். பப்பாளியும் தண்ணீரும் போதவில்லை என்றால் மலமிளக்கி தரும்படி மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கோடாலித் தைலம் தேய்க்கிறேன், வெந்நீர்ப் பை வைக்கிறேன், உடம்பு உருவிவிடும் உருட்டுக்காரியை வரவழைத்து வயிற்றைக் கட்டச் சொல்கிறேன் என்று அன்போடு யாராவது வருவார்கள். என் நாத்தனார் வந்தார். பிள்ளை பெற்ற வயிற்றுக்குச் செய்வது வேறு. அறுத்த வயிற்றில் பல மாதங்கள் தோல் மரத்துப் போயிருக்கும். வெந்நீர்ப் பை சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். மருத்துவமனை கொடுத்த பெல்ட்டைத் தவிர வேறு எதையும் சுற்றவிடாதீர்கள். மூட்டுவலிக்கு என்று பாசாரில் (சந்தையில்) விற்கும், அரசு தரும் ‘மால்’ (MAL) மருந்துப் பதிவு எண் இல்லாத மாத்திரைகளையும் தொடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததை இந்நாட்டுச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. ஸ்டீராய்டு புண்ணை ஆறவிடாது.

இனி என்னை வீழ்த்திய விஷயத்துக்கு வருகிறேன்.

மலேசியச் சுதந்திரத் தலைவர்களில் ஒருவரான துன் சம்பந்தனின் ஊர் இது. கோயில், தமிழ்ப்பள்ளி, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை எல்லாம் இருப்பதால் இறங்கிய மறுநாளே சொந்த ஊர்போலத் தோன்றிவிடும். கிளினிக்கில் தாதியும் தமிழில்தான் பேசுவார். ஆனால் மருந்துப் பொட்டலத்தில் எழுதியிருப்பது மலாய். இங்கே தனியார் கிளினிக்கிலேயே மருந்தையும் கொடுத்துவிடுவார்கள். சிறிய பிளாஸ்டிக் பையில் மாத்திரையைப் போட்டு, மேலே எதற்கு, எத்தனை, எப்போது என்று எழுதுவார்கள். ஊர் மருந்துக்கடையில் அட்டையைப் பார்த்தே மாத்திரையை அடையாளம் காணும் நமக்கு இந்த வெள்ளைப் பையிலிருந்து ஒன்றும் புரியாது.

மருத்துவமனை எனக்குக் கொடுத்த பையில் ‘தாஹான் சாக்கிட்’ என்று இருந்தது. வலியைத் தாங்க என்று பொருள். அது டிராமடோலும் 325 மில்லிகிராம் பாராசெட்டமோலும் சேர்ந்த மாத்திரை. வேளைக்கு இரண்டு, மூன்று வேளை. மூன்றாம் நாள் லேசாகக் காய்ச்சல் அடித்தது. ஈப்போவுக்கு யார் போவது என்று கணவர் அருகிலிருந்த ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அறுவை நடந்ததைச் சொன்னோம். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் பையை எடுத்துப் போகவில்லை. ‘உபாட் டெமாம்’, அதாவது காய்ச்சல் மருந்து, என்று எழுதி 500 மில்லிகிராம் மாத்திரை கொடுத்தார்கள். வேளைக்கு இரண்டு, நான்கு வேளை. இது வலிக்கு, அது காய்ச்சலுக்கு என்று நினைத்து இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

இவற்றோடு என் பிஸ்கட் டப்பா. திருச்சி விமானத்தில் வருகிற ஒவ்வொருவர் பெட்டியிலும் அப்படி ஒரு டப்பா இருக்கும் என்று எனக்குத் தெரியும். இரவு இரண்டு மணி, துத்தநாகக் கூரையின் வெக்கை, பெல்ட்டுக்குள் வியர்வை, தூங்கும் பிள்ளைகளை எழுப்பக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். டப்பாவைத் திறந்து டோலோ 650 இரண்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அம்மா வீட்டில் எந்த வலிக்கும் அதுதானே. மறுநாள் இரவும் அப்படியே.

ஐந்தாம் நாள் வாந்தி தொடங்கியது. தைத்த வயிற்றோடு வாந்தி எடுப்பதை நான் எந்த எதிரிக்கும் நினைக்க மாட்டேன். ஒவ்வொரு குமட்டலுக்கும் உள்ளே யாரோ தையலைப் பிடித்து உருவுவது போலிருந்தது. டிராமடோல் வாந்தி வரவழைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மையும்கூட, அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கணவர் இரண்டு பைகளையும் டோலோ அட்டையையும் எடுத்துக்கொண்டு வாந்திக்கு மருந்து கேட்க பார்மசிக்குப் போனார். அங்கிருந்த சீனப் பெண் மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்துக் கூட்டிப் பார்த்தாராம். 1,950, 4,000, 1,300. ஒரே நாளில் 7,250 மில்லிகிராம் பாராசெட்டமோல். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4,000 தான் எல்லை. அவர் மருந்து தராமல் எங்களை உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு நான் செய்யக்கூடிய கைம்மாறு எதுவும் இல்லை.

இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏறியிருந்தன. அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்தைச் சொட்டு சொட்டாக ஏற்றி மூன்று இரவுகள் வைத்திருந்தார்கள். கல்லீரல் தேறிவிட்டது. காய்ச்சலுக்குக் காரணம் வடிகுழாய் போட்ட துளையில் சீழ் பிடித்தது என்று அங்கேதான் தெரிந்தது. இத்தனை மாத்திரையும் காய்ச்சலை அமுக்கி அதை மறைத்து வைத்திருந்தன. அறுவைக்குப் பின் காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினாலோ, வயிறு திடீரென்று ஒரு பக்கம் வீங்கினாலோ, தையலில் சீழ் வந்தாலோ, தோல் கறுத்தாலோ, அறுவை செய்தவரிடம்தான் போக வேண்டும். 30 கிலோமீட்டர் தூரம் என்று பார்க்காதீர்கள்.

பனடோல், டோலோ, பி.சி.எம். எல்லாம் பாராசெட்டமோலே. சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது இருக்கிறது. ஊரில் வாங்கும் காம்பிஃபிளாமில் அதோடு இபுபுரோஃபெனும் உண்டு. கிளினிக்கில் ‘இதில் பாராசெட்டமோல் இருக்கிறதா?’ என்று மட்டும் கேளுங்கள். தமிழில் கேட்டாலும் அந்த ஒரு சொல் அவர்களுக்குப் புரியும். பையிலேயே பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வெட்கப்படாமல் அங்கேயே நில்லுங்கள். ‘பீலா பெர்லு’ என்றால் தேவைப்பட்டால் மட்டும். அப்படி எழுதாத வலி மாத்திரையை வலி ஏறும்வரை காத்திராமல் நேரத்துக்குப் போடுங்கள். கடைசி வேளை படுப்பதற்குச் சற்று முன் அமையும்படி மருத்துவரிடம் கேட்டு மணியை வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்திருந்தால் அந்த இரவு இரண்டு மணிக்கு வந்த வலியே எனக்கு வந்திருக்காது. தூக்கம் வரவில்லை என்று யாராவது தங்கள் தூக்க மாத்திரையைக் கொடுத்தால் வாங்காதீர்கள். டிராமடோலோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடலாம்.

மாத்திரை போட்ட நேரத்தைப் பிள்ளைகளின் பள்ளி நோட்டில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டேன். இரவில் எழுதுவது கணவர் வேலை. மூன்றாம் வாரம் மருத்துவர் அனுமதித்த பிறகு ஒருக்களித்துப் படுத்தேன், முழங்கால்களுக்கு நடுவே தலையணையோடு.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. போன மாதமும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் டப்பா கொடுத்தனுப்பியிருந்தார். டோலோ அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் மார்க்கரால் ‘பாராசெட்டமோல்’ என்று தமிழில் எழுதி, உயரமான அலமாரியில் வைத்திருக்கிறேன். அடியில் நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தது.