நீலம் எங்க போச்சு: ஃபோட்டோவோட மத்த பொருளைக் கலந்து வேலை செய்யறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை தண்டையார்பேட்டைல ஒரு மொட்டை மாடில புதுசா கத்துக்க வந்த நாலு பேரு சயனோடைப், அதாவது கெமிக்கல் பூசின பேப்பர வெயில்ல காட்டி எடுக்கற நீலப் பிரிண்ட், போட்டுட்டு இருந்தாங்க. நான் டீ வாங்கிட்டு மேல ஏறி வர்றதுக்குள்ள அதுல ஒருத்தர், பிரிண்ட்ட கழுவணும்னு சொன்னாங்களேன்னு பக்கத்துல துணி ஊற வெச்சிருந்த பக்கெட்லயே முக்கிட்டாரு. சோப்புத்தூள் தண்ணி. என் கண்ணு முன்னாடியே நீலம் கரைஞ்சு மஞ்சளாப் போச்சு. அவர் மேல எனக்குக் கோவம் வரல. இதே தப்ப நான் முப்பத்தாறு பிரிண்ட்ல பண்ணிருக்கேன், அதுவும் என் பிரிண்ட் இல்ல, பசங்களோடது. இன்னிக்கும் நெனச்சா வயிறு எரியுது. அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன்.

நான் வட சென்னைல ஆர்ட் டீச்சர். லீவு நாள்ல பசங்கள வெச்சுக்கிட்டு அவங்க தெருவ ஃபோட்டோ எடுத்து, அது மேல தையல், பென்சில் தேய்ப்பு, சுண்ணாம்பு, நீலப் பிரிண்ட்னு என்னென்னவோ சேத்துப் பாக்கறோம். கேமரா ஆடக்கூடாது, லென்ஸத் துடைங்க, இதெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்ல, நாலு நாள்ல தானா வந்துடும். தானா வராத சிலதுதான் கீழ இருக்கு.

ஊருன்னா கிரேனும் வலையும்னு நெனைக்கறது

புதுசா வர்றவங்க எல்லாரும் முதல் நாள் காசிமேடு போவாங்க. போட்டு, வலை, பின்னாடி ஹார்பர் கிரேன், சூரிய உதயம். அப்புறம் கீழ கெடந்த நைலான் வலைத் துண்ட எடுத்துட்டு வந்து அந்த ஃபோட்டோ மேலயே ஒட்டிடுவாங்க. நானும் ரெண்டு வருஷம் அதத்தான் பண்ணேன், பண்ணும்போது ரொம்ப உண்மையா இருக்கற மாதிரிதான் தோணுச்சு. ஆனா வலைய ஃபோட்டோ எடுத்து அது மேல வலைய ஒட்டினா, ஏற்கனவே தெரிஞ்ச ஒரு விஷயத்த ரெண்டு தடவ சொல்றோம், அவ்ளோதான்.

என் கண்ணத் தொறந்தது ஏழாவது படிக்கற ஒரு பொண்ணு. உங்க வீட்ல இருந்து ஏதாவது ஒண்ணு எடுத்துட்டு வான்னு சொன்னேன், எவர்சில்வர் குடத்தத் தூக்கிட்டு வந்தா. எதுக்குன்னு கேட்டா குடத்தோட கழுத்தத் திருப்பிக் காட்டுறா, அங்க புள்ளி புள்ளியா பேர் வெட்டிருக்கு. கல்யாணத்துக்குக் குடுத்த பாத்திரத்துல குடுத்தவங்க பேர் வெட்டுவாங்கல்ல, அது. அந்தப் பேருக்காரங்க யாருன்னு அவளுக்குத் தெரியல. ஆயா கிட்ட கேட்டுட்டு அடுத்த வாரம் வந்து சொன்னா, எதிர் வீட்ல இருந்தவங்களாம், குடிசைய எடுத்தப்போ பெரும்பாக்கம் அனுப்பிட்டாங்களாம், அப்புறம் பாக்கவே இல்லையாம். அந்தப் பேரு மேல மெல்லிசு பேப்பர வெச்சு, காசு மேல வெச்சு சின்ன வயசுல தேய்ப்போமே அந்த மாதிரி, பென்சிலச் சாய்ச்சுப் பிடிச்சுத் தேய்ச்சோம். புள்ளி புள்ளியா எழுத்து எழும்பி வந்துச்சு. எதிர் வீட்டு வாசலோட ஃபோட்டோ மேல அத வெச்சா. அதுல வலையும் இல்ல, கிரேனும் இல்ல, ஆனா எங்க தெருன்னு பாத்த உடனே தெரியுது. அதுக்கப்புறம் நான் யாரையும் முதல் நாள் காசிமேட்டுக்கு அனுப்பறதில்ல.

வீட்ல இருக்கற ஒரே ஃபோட்டோவ ஒட்டறது

வேணவே வேணாம். ஸ்கேன் பண்ணி காப்பி எடுத்துட்டு, ஒரிஜினல அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுங்க.

எல்லா பிரிண்ட்டும் ஒண்ணுதான்னு நெனைக்கறது

இங்க்ஜெட் பிரிண்ட்ல முக்காவாசி தண்ணி பட்டா ஒழுகிடும். லேசர் பிரிண்ட்டும் ஜெராக்ஸும் அப்படி இல்ல, டோனர்ங்கறது பிளாஸ்டிக் பொடி, சூட்டுல உருகி பேப்பர்ல ஒட்டிக்கிட்டது, அது மேல தண்ணிக் கலர் தாராளமா அடிக்கலாம். துணிக்கோ மரத்துக்கோ படத்த மாத்தணும்னாலும் லேசர்தான், அக்ரிலிக் மீடியம், அதாவது கலர் சேக்காத அக்ரிலிக் பசை, தடவி குப்புறப் போட்டு நல்லா காஞ்சதும் ஈரத்துணியால பேப்பர மட்டும் தேய்ச்சு எடுத்தா டோனர் தங்கிடும். குப்புறப் போடறதால படம் இடம் வலமா மாறும், எழுத்து இருந்தா முன்னாடியே திருப்பி பிரிண்ட் எடுக்கணும். ஒரு பையன் அவங்க அப்பா தையக்கட போர்ட மாத்தி, எழுத்தெல்லாம் கண்ணாடில பாக்கற மாதிரி வந்து, வீட்ல காட்டாமலே வெச்சிருந்தான்.

தண்ணியப் பாக்காம நீலப் பிரிண்ட் போடறது

இப்போ அந்த முப்பத்தாறு.

சயனோடைப் 1842ல ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்சது. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மில்லி தண்ணில, பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் இன்னொரு 100 மில்லில, ரெண்டையும் சரிசமமா கலந்து மங்கின வெளிச்சத்துல பேப்பர்ல பூசி, இருட்டுல காய வெச்சு, அது மேல நெகட்டிவோ இலையோ மீன் முள்ளோ எது வேணா வெச்சு வெயில்ல காட்டி, தண்ணில கழுவினா வெயில் பட்ட இடம் நீலமாகும். டார்க் ரூம் வேணாம், வெயில் போதும், அது எங்ககிட்ட நெறையவே இருக்கு. பாரிஸ் கார்னர்ல கெமிக்கலும் ஆண்டர்சன் தெருல பேப்பரும் வாங்கியாச்சு. ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன், ஃபெரிசயனைடு பக்கத்துல பாத்ரூம் கழுவற ஆசிட் மாதிரி கடுமையான எதையும் கொண்டு வராதீங்க, விஷவாயு வரும். சமையல் பாத்திரத்துலயும் கலக்காதீங்க.

முதல் ரெண்டு மாசம் அருமையா வந்துச்சு. அப்போ லாரித் தண்ணில கழுவிட்டு இருந்தோம். மே மாசம் லாரி சரியா வரல, நான் அடிபம்புத் தண்ணி புடிக்கச் சொல்லிட்டேன். நல்லா கழுவினாதான் வருஷக்கணக்குல நிக்கும்னு எங்கயோ படிச்சத மனசுல வெச்சுக்கிட்டு, முப்பத்தாறு பிரிண்ட்டையும் பெரிய டப்புல போட்டு ராத்திரி முழுக்க ஊற விட்டேன். காலைல பசங்க எனக்கு முன்னாடியே மாடிக்குப் போயிட்டாங்க. நான் படி ஏறும்போதே ஒருத்தன் குரல் கேக்குது, "இன்னா மிஸ் இது, நீலம் எங்க போச்சு, எல்லாம் மஞ்சளா கீது." போய்ப் பாத்தா டப்புத் தண்ணி தெளிவா இருக்கு, பேப்பர் எல்லாம் அடில கெடக்கு, நீலம் இருந்த இடத்துல பழைய பேண்டேஜ் மாதிரி ஒரு வெளிறின நிறம், ஓரத்துல மட்டும் துளி நீலம். அதுல ஒரு பையன் அவங்க அப்பாவோட வலை ஊசிய வெச்சு எடுத்திருந்தான், ஊசியோட நுனி எது பேப்பர் எதுன்னே தெரியல.

தப்பு நடந்தது கூட பரவால்ல, அதுக்கப்புறம் மூணு வாரம் நான் தப்பான இடத்துலயே தேடிட்டு இருந்தேன். அதான் இன்னும் ஆறல. கெமிக்கல் பழசுன்னு சொல்லி புதுசு வாங்கினேன். வெயில் பத்தலன்னு எட்டு நிமிஷத்த இருபது நிமிஷம் ஆக்கினேன். பேப்பர் மட்டம்னு சொல்லி விலை ஜாஸ்தியான பேப்பர் வாங்கினேன். எல்லாத்தையும் அதே அடிபம்புத் தண்ணிலதான் கழுவினேன், எல்லாம் அதே மாதிரிதான் வெளுத்துச்சு. தண்ணியச் சந்தேகப்படணும்னு ஒரு நிமிஷம் தோணல.

கடைசில விஷயத்தச் சொன்னது ஒரு பையனோட தாத்தா. பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்ல படம் வரையற வேலைல இருந்தவரு. பேரன் கைல இருந்த வெளுத்த பிரிண்ட்ட வாங்கி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, "சோடா பட்டுச்சாம்மா?"ன்னாரு. அவர் வேலைக்குச் சேந்த புதுசுல ஆபீஸ்ல பழைய ப்ளூபிரிண்ட் நெறைய இருக்குமாம், அமோனியா பிரிண்ட் அப்புறம்தான் வந்துச்சாம். நீலத்துல ஒரு கோடு சேக்கணும்னா சலவை சோடாவ தண்ணில கரைச்சு பேனால தொட்டு எழுதுவாங்களாம், எழுதின இடம் வெள்ளையா ஆயிடுமாம். ப்ளூபிரிண்ட்டும் நாங்க போட்ட பிரிண்ட்டும் ஒரே சரக்கு. காரத்தன்மை பட்டா அந்த நீலம் ஒடையும், மஞ்சள் பழுப்புதான் மிஞ்சும்.

கொளத்தூர்ல கலர் மீன் வளக்கற வீட்டுப் பையன் ஒருத்தன் எங்ககிட்ட வர்றான். மீன் தொட்டித் தண்ணிக்கு பிஹெச் பாக்கற சொட்டு மருந்து அவங்க வீட்ல எப்பவும் இருக்கும், ஏழுன்னா நடு, அதுக்கு மேல போனா காரம். அத எடுத்துட்டு வந்து அடிபம்புத் தண்ணில ரெண்டு சொட்டு விட்டான், எட்டத் தாண்டின நிறம். லாரித் தண்ணி ஏழுக்குப் பக்கத்துல. கடல் ஓரமா இருக்கோம், மீஞ்சூர்ப் பக்கம் நெலத்தடித் தண்ணில கடல்தண்ணி ஏறின கதைய சின்ன வயசுல இருந்து கேக்கறோம், ஒவ்வொரு வீட்லயும் குடிக்கற குடம் வேற பொழங்கற குடம் வேறன்னு வெச்சிருக்கோம். நாக்குல தெரியற உப்பு பிரிண்ட்டக் கெடுக்கல, அது கூடவே இருந்த காரத்தன்மைதான் கெடுத்துச்சு, ஆனா எந்தத் தண்ணி எதுக்குன்னு எங்க தெருல அஞ்சு வயசுப் புள்ளைக்கே தெரியும். இந்த எடத்தப் பத்திப் படம் பண்றோம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, இந்த எடத்துத் தண்ணிய நான் கவனிக்கல.

அதோட நின்னுச்சான்னா அதுவும் இல்ல. அடுத்த வருஷம் பழைய ராயபுரம் வீட்டுச் சுவர் மாதிரி வரணும்னு பலகைல சுண்ணாம்பு அடிச்சு, அது காயறதுக்குள்ள நல்லா வந்த ஆறு பிரிண்ட்ட ஒட்டினேன். ஈரச் சுண்ணாம்ப விட காரமான பொருள் வீட்ல எது இருக்கு? ரெண்டு நாள்ல பின்னாடி இருந்து பழுப்பு ஏறி வந்துச்சு. தண்ணிக்குக் கத்துக்கிட்ட பாடத்த சுவத்துக்குப் பொருத்திப் பாக்கல.

இப்போ என்ன பண்றேன்னா, முதல் கழுவலுக்கு ஒரு பக்கெட்டுக்கு ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், இல்லன்னா கொஞ்சம் வினிகர். வெயில் படாத கெமிக்கலோட மஞ்சள் போற வரைக்கும் கழுவறது, அதிகபட்சம் இருவது நிமிஷம், ராத்திரி ஊறல் கெடையாது. டப்பு தனி டப்பு, சோப்பு போட்ட பாத்திரம் பக்கத்துலயே வரக்கூடாது. புது எடத்துக்குப் போனா அந்த வீட்டுத் தண்ணில ஒரு துண்டு நீலப் பேப்பர ஒரு மணி நேரம் போட்டு வெச்சுப் பாத்துட்டுதான் மத்த வேலை.

தாத்தா சொன்ன சோடாவ விட்டுடல. நீலம் நல்லா காஞ்சதும் மெல்லிசு பிரஷ்ல சோடாத்தண்ணி தொட்டு எழுதச் சொல்றேன், ஒரு நிமிஷத்துல நீலம் விலகி எழுத்து வெளிய வருது, உடனே எலுமிச்சை உப்புத் தண்ணில முக்கிடணும், இல்லன்னா எழுத்து பரவிடும். குடம் கொண்டு வந்த பொண்ணு அந்தப் பேர புள்ளி புள்ளியாவே வெச்சா. ஒவ்வொரு புள்ளியும் வெக்க மூச்சப் புடிச்சுக்கிட்டா.

ஃபெவிகால கொட்டறது

மெல்லிசு பேப்பர் அலை அலையா சுருங்கும். மைதாப் பசை மெலிசா தடவுங்க, மேல பழைய நோட்டுங்கள அடுக்கி ஒரு ராத்திரி விடுங்க.

ஐப்பசி கார்த்திகைல ஃப்ரேம் போடறது

பூஞ்சை வரும். தை பொறக்கட்டும்.

எடுத்தவங்களுக்குத் திருப்பிக் குடுக்காம இருக்கறது

மீன் விக்கற அக்காங்க, ஐஸ் உடைக்கற அண்ணனுங்க எல்லாரையும் கேட்டுட்டுதான் எடுக்கறோம், ஆனா ரொம்ப நாள் அவங்களுக்கு பிரிண்ட் குடுக்கணும்னு எனக்குத் தோணல. இப்போ ஒரு படத்துக்கு ரெண்டு பிரிண்ட் போடறோம், ஒண்ணு அவங்களுக்கு.

மார்க்கெட் பக்கம் ஒரு அக்கா, அவங்க அரிவாள்மணைய வெச்சு நாங்க போட்ட பிரிண்ட்ட கடைலயே வெயில் படற மாதிரி கட்டி வெச்சிருந்தாங்க. ரெண்டு மாசத்துல பாதி நீலம் போயிடுச்சு. என்னக் கூப்ட்டு, "டீச்சரம்மா, இது சாயம் போயிடுச்சு பாரு, வேற ஒண்ணு குடு"ன்னாங்க. நான் புதுசு தரேன்னு சொல்லிட்டு, அதுக்கு முன்னாடி இத பீரோக்குள்ள துணிக்கு நடுவுல கொஞ்ச நாள் வெச்சுப் பாருங்கக்கான்னு சொன்னேன். வெயில்ல போன நீலம் இருட்டுல காத்துப் பட்டா பெரும்பாலும் திரும்பி வரும், சோடால போனதுதான் வராது. அவங்க நம்பல, மொகத்துலயே தெரிஞ்சுச்சு.

பத்து நாள் கழிச்சு நான் மீன் வாங்கவே போகல, ரோட்ல போறேன், அந்தப் பக்கத்துல இருந்து சத்தமா கூப்டறாங்க. "டீச்சரம்மா, வந்துடுச்சு!" வெட்டிட்டு இருந்த வஞ்சிரத்த அப்படியே விட்டுட்டு, கைய முந்தானைல துடைச்சு, நியூஸ் பேப்பர்ல சுத்தி வெச்சிருந்தத எடுத்துப் பிரிச்சுக் காட்டினாங்க.