பழைய மெட்டடோர் வேனை மலையில் குடும்பமாக வைத்திருப்பது எப்படி?

கோத்தகிரியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மெட்டடோரைப் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மேடு ஏறுமா?" என்பதுதான். ஏறும். இரண்டாம் கியரில், பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரனைக் கேட்டுக்கொண்டே ஏறும். வாங்க நினைப்பவர்கள் கேட்க வேண்டியது வேறு இரண்டு: பத்திரமாக இறங்குமா? மழைக்காலம் முடியும்போது அடித்தகடு மிஞ்சுமா?

ஏழு வருட அனுபவத்தில் சொல்கிறேன், இரண்டுக்கும் ஒரே எதிரி தண்ணீர். கூரை வழியாக வரும், டீசல் டேங்க்கில் சேரும், நாம் விடும் மூச்சிலிருந்து மெத்தையில் இறங்கும், பிரேக் ஆயிலுக்குள்ளும் போய் உட்காரும். கீழே வருகிற படிகளில் பெரும்பாலானவை அந்தத் தண்ணீரை வெளியே வைக்கும் வேலைதான். வண்டியில் நான், கணவர், எட்டாவது படிக்கும் மகள், அத்தை ஆகிய நால்வர். பின்னால் இரண்டு மடக்குக் கட்டில், ஓர் அலமாரி, 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. எங்களில் யாரும் மெக்கானிக் கிடையாது.

படி 1: வாங்கும் முன் காகிதம், காந்தம்

மெட்டடோர் புனேயில் பஜாஜ் டெம்போ கம்பெனி செய்த வண்டி. ஜெர்மனியில் பிறந்த வடிவம். அந்தக் கம்பெனிதான் 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. வேன் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டதால் உதிரி பாகங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

முதலில் ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள். வெள்ளை போர்டா, மஞ்சள் போர்டா? மஞ்சள் போர்டாக ஓடிய வண்டி என்றால் எஃப்.சி. விதிகளே வேறு. வெள்ளை போர்டுக்கு 15 வருடம் முடிந்ததும் பதிவைப் புதுப்பித்து, அதன்பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அப்புறம், வண்டியின் அமைப்பை மாற்ற நினைத்தால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. இன்ஷூரன்ஸ்காரருக்கும் தெரிவித்துவிடுங்கள்.

"விண்டேஜ் வண்டி என்று பதிந்துவிடலாமே" என்று சிலர் ஆசை காட்டுவார்கள். 2021இல் வந்த விதிப்படி அது 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு மட்டும். கண்காட்சி, பேரணி, டீசல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் அதை ரோட்டில் எடுக்கலாம். குடும்பத்தோடு கொடநாடு போய் வர அது உதவாது.

அடுத்தது காந்தம். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி, சக்கர வளைவு, கதவின் அடிப்பக்கம், முன்கண்ணாடியின் கீழ் மூலை ஆகிய இடங்களில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான் (putty) இருக்கிறது. தரை ரப்பர் மேட்டைத் தூக்கச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தரையைத் தட்டும்போது 'டங்' என்று கேட்டால் சரி, 'பொத்' என்று கேட்டால் தகடு மாற்றும் டிங்கரிங் செலவைக் கழித்து விலை பேசுங்கள். எஞ்சின் புகைவதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எஞ்சினைச் சரிசெய்ய ஆள் இருக்கிறார்கள். அடித்தகடு முழுக்கப் போன வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

படி 2: தண்ணீர் வரும் வழிகளை அடைப்பது

கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும். எங்கள் கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் வெளுத்து வாங்கும். உங்கள் ஊர் எந்த மழைக்குச் சேர்ந்தது என்று பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

சோதனை எளிது. மகள் டார்ச்சோடு உள்ளே உட்காருவாள். நான் வெளியே ஹோஸ் பிடிப்பேன், கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம். எடுத்தவுடன் கூரையில் ஊற்றினால் எங்கே ஒழுகுகிறது என்றே தெரியாது. எங்கள் வண்டியில் ஒழுகியது முன்கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கின் கீழ் மூலை. இரண்டு வருடம் அதன்மேல் சிலிக்கான் பூசிப் பூசிப் பார்த்தோம். பூச்சுக்கு உள்ளே தண்ணீர் தங்கி இன்னும் துருதான் பிடித்தது. பீடிங் இறுகிப் போயிருந்தால் புதிதாக மாற்றுவதுதான் வழி.

கூரை ஓரத்தில் ஒரு வாய்க்கால் ஓடுகிறதே, அதில் தைல மர இலையும் சில்வர் ஓக் இலையும் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷால் தள்ளிவிடுங்கள். கதவின் அடிவிளிம்பிலும் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு, ஈர்க்குச்சி விட்டுக் குத்துங்கள். கதவை ஆட்டும்போது உள்ளே தண்ணீர் சலசலத்தால் அந்த ஓட்டை அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

வண்டியைத் தார்ப்பாயால் இறுக்கி மூடி வைக்காதீர்கள். மூடுபனியின் ஈரம் உள்ளேயே வியர்த்து நிற்கும். பக்கம் திறந்த தகரக் கொட்டகை போதும்.

படி 3: பிரேக் ஆயில்

இந்தப் படியை மட்டுமாவது தள்ளிப்போடாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதன் குணமே அதுதான். புதிய டாட் 3 வகை ஆயில் கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வேண்டும். நூற்றுக்கு நான்கு பங்குகூட வேண்டாம், அதற்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் சேர்ந்தாலே 140 டிகிரியில் கொதிக்கலாம். டாட் 4க்கு அந்தக் கணக்கு 230, 155. கொதித்தால் ஆவி வரும். ஆவியை அமுக்கினால் அது சுருங்கும், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது.

எங்களுக்கு அது நடந்தது வாங்கிய இரண்டாம் வருடம், மேட்டுப்பாளையம் இறங்கும்போது, குஞ்சப்பனைக்குச் சற்று மேலே. முதலில் பிரேக் லைனர் (டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டை) கருகும் வாடை. அத்தை, "யார் வீட்டிலோ ரப்பரைக் கொளுத்துகிறார்கள்" என்றார். அடுத்த வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கணவர் ஒவ்வொரு கியராகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து, மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினார். முக்கால் மணி நேரம் ஆறிய பிறகு பெடல் திரும்ப வந்தது. கீழே போய் ஆயிலை இறக்கிய மெக்கானிக் தம்பி பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "ஏனுங்க அக்கா, இது ஆயிலுங்களா, வரக்காப்பிங்களா?" என்றான். கடைசியாக எப்போது மாற்றினோம் என்று கேட்டான். வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லை.

இப்போது வருடம் ஒருமுறை, மழை நின்றதும், நானும் மகளும் மாற்றுகிறோம். முதல் தடவை மட்டும் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். மாஸ்டர் சிலிண்டர் (பெடலை அமுக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) டப்பாவில் இருக்கும் பழைய ஆயிலை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, மூடியில் எந்த வகை என்று எழுதியிருக்கிறதோ அதே வகைப் புது ஆயிலை ஊற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும். எங்கள் வண்டியில் அது பின் இடது. பிறகு பின் வலது, முன் இடது, முன் வலது.

சக்கரத்தின் பின்பக்கம் இருக்கும் நிப்பிளில் (ஆயிலை வெளியேற்றும் சின்னத் திருகு) உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்கி வையுங்கள். நான் "அமுக்கு" என்றதும் மகள் பெடலை மெதுவாக அமுக்கி, அப்படியே பிடித்துக்கொள்வாள். நான் நிப்பிளைக் கால் திருகு திறப்பேன். ஆயில் பாயும், பெடல் கீழே போகும். நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு" என்பேன். இந்த வரிசை மாறினால் காற்று உள்ளே போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். முதல் வருடம் எங்களுக்குள் பெரிய சண்டையே வந்தது, "விட்டியா?" என்று நான் கேட்டதை அவள் "விடு" என்று எடுத்துக்கொண்டாள். அதனால் இப்போது அந்த இரண்டு வார்த்தை தவிர வேறு பேச்சு கிடையாது.

குழாயில் குமிழி நின்று, தெளிந்த ஆயில் வரும்வரை செய்யுங்கள். நடுநடுவே டப்பாவில் ஆயில் குறைகிறதா என்று பார்த்து ஊற்றுவது அத்தையின் பொறுப்பு. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட்டைத் தின்றுவிடும். திறந்த டின்னில் மிச்சமிருப்பதை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள், அதற்குள் அதுவும் ஈரம் குடித்திருக்கும். கழிவு ஆயிலை ஒர்க்‌ஷாப் பீப்பாயில் சேருங்கள், ஓடையில் ஊற்ற வேண்டாம். பெடல் கல் மாதிரி நிற்கிறதா என்று பார்த்து, சமதளத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்த பிறகே ரோட்டுக்கு எடுங்கள்.

படி 4: இறங்கும் விதம்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 1,450 மீட்டர் இறக்கம். சாமானோடு இரண்டரை டன் இருக்கும் வண்டி அவ்வளவு இறங்கும்போது வெளிவரும் சக்தி, ஒரு லிட்டர் டீசலை எரித்தால் வரும் சூட்டுக்குக் கிட்டத்தட்டச் சமம். அத்தனையையும் நான்கு பிரேக் டிரம்மின் தலையில் கட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், சூட்டில் ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் நன்றாக ஒருமுறை அமுக்கி வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள்.

நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிக்கும் பழைய டிரைவர்களின் அறிவுரையைக் கேட்காதீர்கள். எஞ்சினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம். பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வாக்குவம் (வெற்றிட உறிஞ்சல்) எஞ்சின் ஓடினால்தான் கிடைக்கும், நாலு அமுக்கில் பெடல் மரக்கட்டையாகிவிடும்.

வழியில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு வைக்கும் கல்லைக் கிளம்பும்போது எடுத்து ஓரம் போடுங்கள். வளைவில் கல்லை விட்டுவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு, பின்னால் பைக்கில் வருகிறவன் விழுவான்.

வெளியூரிலிருந்து வண்டியோடு வருகிறவர்களுக்கு: 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். நீலகிரியில் பதிவான டி.என். 43 வண்டிக்கு நீலகிரிக்குள் தேவையில்லை.

படி 5: டீசல், கூலன்ட், பேட்டரி

மூடுபனி நாட்களில் பாதி காலியான டேங்க்கின் உட்சுவரில் ஈரம் வியர்த்து டீசலில் இறங்கும். வண்டியை நிறுத்தி வைக்கும்போது டேங்க்கை நிரப்பி வையுங்கள். ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகை மாதம் ஒருமுறை தளர்த்தி, அடியில் தங்கிய தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து எடுத்துவிடுங்கள்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் வேண்டாம். 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலன்ட்டும் பிரஷரைத் தாங்குகிற நல்ல மூடியும் இருந்தால் பொங்காது. மூடியின் வாஷர் தேய்ந்தது தெரியாமல் எஞ்சினைப் பிரித்துப் போட்ட கதைகள் நிறைய உண்டு. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

பேட்டரி: இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் மைனஸ் ஒயரைக் கழற்றி வையுங்கள்.

படி 6: பளுவும் டயரும்

மெட்டடோர் முன்சக்கரம் இழுக்கும் வண்டி. தண்ணீர் கேன், அரிசி, காஸ் எல்லாவற்றையும் கடைசிக் கதவோரம் அடுக்கினால் முன்பக்கம் லேசாகும். மழை நனைத்த கொண்டை ஊசி வளைவில், சருகுமேல், முன்சக்கரம் வழுக்கிச் சுழலும். அதனால் கேன்கள் எங்கள் வண்டியில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால்தான், பெல்ட் போட்டு.

எப்போதாவது எடுக்கும் வண்டியில் டயரின் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடாகிவிடும். டயரின் பக்கச்சுவரில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியதை நான் மலையில் ஓட்டுவதில்லை.

படி 7: உள்ளே தூங்குவது

நான்கு பேர் மூடிய வண்டியில் ஓர் இரவு தூங்கினால் மூச்சிலும் தோலிலுமாகக் குறைந்தது அரை லிட்டர் தண்ணீராவது காற்றில் கலக்கும். காலையில் கண்ணாடியில் வழிவதும், மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிப்பதும் அதுதான். எதிரெதிராக இரண்டு ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். கட்டில் பலகையில் ஓட்டைகள் போட்டு, மெத்தையைக் காலையில் நிமிர்த்தி வையுங்கள். குளிருக்குக் கம்பளி இன்னொன்று கொண்டு போங்கள். கரியடுப்பையோ கணப்புச் சட்டியையோ உள்ளே கொண்டுவரவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். காஸ் அடுப்பும் எங்களுக்கு வெளியேதான். கசிந்த காஸ் காற்றைவிடக் கனமானது, வண்டித் தரையிலேயே தேங்கி நிற்கும்.

காட்டுக்குள்ளோ ரோட்டோரத்திலோ ராத் தங்க வேண்டாம், தெரிந்தவர்கள் தோட்டத்திலோ தங்கும் விடுதி வளாகத்திலோ கேட்டு நிறுத்துங்கள். வண்டிக்குள் பலாப்பழம், நல்லெண்ணெய் எதையும் திறந்து வைக்காதீர்கள். கோயில் விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்கே கரடி வரும் ஊர் இது.

படி 8: வீடு திரும்பியதும்

சாமான் இறக்கும் முன்பே எல்லாக் கதவையும் திறந்து விடுங்கள், ரப்பர் மேட்டை எடுத்து வெயிலில் போடுங்கள். பிறகு நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். மேடு ஏறி வரும்போது பிரேக்குக்கு அதிகம் வேலை இல்லை. அப்படியும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால், அங்கே வீல் சிலிண்டர் (லைனரைத் தள்ளும் பாகம்) ஒட்டிக்கொண்டு லைனர் உரசுகிறது.

இந்தச் சோதனை மகளுடையது. நோட்டில் தேதி, கிலோமீட்டர், நான்கு சக்கரத்தின் சூடு எல்லாம் எழுதி வைக்கிறாள். அளவுகள் அவளாக வைத்துக்கொண்டவை: பச்சைத் தண்ணீர், இட்லி, தோசைக்கல். போன வாரம் மூன்று சக்கரத்துக்குப் பச்சைத் தண்ணீர், பின் இடதுக்குத் தோசைக்கல். ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்ற வேண்டும்.